சின்ன ர

இடைவேளை முடிந்து விளக்குகள் அணைந்தபோது குணவதி மணி பார்த்தாள். இன்னும் ஒரு மணி நேரம்தான். ஒரு மணி நேரத்தில் இந்த விளக்குகள் மறுபடி எரியும், திரைக்கு முன்னால் மைக்கோடு ஒருவர் வந்து நிற்பார், படத்தில் வரும் வரலாற்று, இலக்கியக் குறிப்புகளைப் பற்றிப் பேராசிரியர் குணவதி அம்மா இரண்டு வார்த்தை பேசுவார் என்பார், அவள் எழுந்து நிற்க வேண்டும். நிற்பதில் சிரமமில்லை, முழங்கால் முணுமுணுக்கும், ஆனாலும் நிற்கலாம். நின்ற பிறகு வாயிலிருந்து எது வரும் என்பதுதான். ஐம்பது வருஷமாக வராதது. "ஆறிடும் டீச்சரம்மா, குடிங்க" என்று பக்கத்து இருக்கையிலிருந்து பொற்கொடி காபியை நீட்டினாள். காகிதக் கோப்பை, கையில் பிடித்தால் சுடுகிறது, வாயில் வைத்தால் சுடவில்லை, இதென்ன காபி. பொற்கொடி இன்றைக்கென்று மயில் கழுத்து நிறத்தில் புதுச் சேலை கட்டிவந்திருந்தாள். அவள் அப்பா மருதமுத்து எழுதிய கவிதை வரி இன்றைக்குத் திரையில் வரப்போகிறது, ஊரே பார்க்கப்போகிறது. சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் புகை குடித்த கண், இன்றைக்கு மை தீட்டிக்கொண்டு வந்திருக்கிறது. "அப்பா வரி எப்ப வரும் டீச்சரம்மா?" "வரும். கடைசிக்குக் கிட்ட." "பாத்ரூம் போயிட்டு வந்துறவா?" "இப்ப போயிட்டு வந்துடு. அப்புறம் போகாதே." பொற்கொடி போகவில்லை. போனால் வந்துவிடுமோ என்று பயம். குணவதிக்கும் பயம்தான், வேறு பயம்.

படத்தின் பெயர் 'சொல்லடைப்பு'. ஏதோ ஒரு நாடு, ஏதோ ஒரு காலம், அங்கே அரிசிக்குப் பதிலாகச் சொற்களை ரேஷனில் கொடுக்கிறார்கள். அட்டையைக் காட்டினால் ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு சொல். வரிசையில் நிற்கும் ஒரு கிழவி 'பசி வந்துருச்சா தம்பி?' என்று கேட்கிறாள், கடைக்காரன் 'ஸ்டாக் இல்ல, வேணும்னா நன்றி ரெண்டா வாங்கிக்க' என்கிறான், தியேட்டர் முழுவதும் சிரிக்கிறது. குணவதியும் சிரித்திருப்பாள், பல் செட் புதிது, சிரித்தால் மேல் வரிசை இறங்குகிறது. அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி தொங்குகிறது, கயிறு இல்லை. பின் வரிசையில் இரண்டு பையன்கள், கல்லூரிப் பையன்களாக இருக்க வேண்டும், பாப்கார்னை மென்றுகொண்டே கண்டுபிடித்துக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொள்கிறார்கள். "மச்சி, மணி பாரு. கயிறு இல்ல. செம ரெஃபரன்ஸ்டா." "அந்தப் பேப்பர்ல எடம் காலியா இருந்துச்சே, அது எமர்ஜென்சி. தலையங்கத்த எழுதாம வெறுசா விட்டாங்களாம், நெட்ல பார்த்தேன்." "ஆத்துல கம்ப்யூட்டரத் தூக்கிப் போடுறாங்களே, அது என்ன?" "ஆடிப்பெருக்குக்கு ஓலைச்சுவடியெல்லாம் ஆத்துல விட்டாங்கள்ல, அதுடா." கெட்டிக்காரப் பையன்கள். பரீட்சை வைத்தால் எழுபது போடலாம். ஆனால் ஒவ்வொன்றாக அவர்கள் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க, ஒன்று கண்டுபிடித்தாயிற்று, அடுத்தது என்று தாண்டத் தாண்ட, குணவதிக்கு நாக்கில் பாகற்காய் ஊறியது. நடந்ததெல்லாம் இப்படித்தான் போலிருக்கிறது, முதலில் நடக்கும், பிறகு நினைவாகும், கடைசியில் பின் வரிசையில் பாப்கார்னோடு ரெஃபரன்ஸ் ஆகும். திரையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி போகிறது, 'ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன, ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன.' இதைப் பையன்கள் கண்டுபிடிக்கவில்லை. குணவதிக்குக் கண்டுபிடிக்கத் தேவையிருக்கவில்லை. எழுபத்தாறாம் வருஷம் அது தினமும் காதில் விழுந்தது. ரயில் நேரத்துக்கு ஓடியது, ரயில் பட்டறை வேலை போன மருதமுத்து திருச்சி பாலக்கரையில் ஒரு சந்துக்குள், தகரக் கொட்டகையில், யாருடைய கேட்டுக்கோ யாருடைய ஜன்னலுக்கோ இரும்பு ராவிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் இந்தப் படத்தின் இயக்குநர் யுகேந்திரன் வீடு தேடி வந்தபோது இந்த நாற்காலியில் உட்கார வேண்டிவரும் என்று யார் நினைத்தார்கள். முப்பது வயது இருக்கும், குறுந்தாடி, செருப்பை வாசலில் கழற்றி இரண்டையும் சேர்த்து வைத்தான், அதிலேயே மனசு இளகிப்போனது. மடியில் ஒரு நீளப் பட்டியல். படத்தில் எங்கெங்கே எந்தச் சரித்திரம், எந்த இலக்கியம், யார் சொன்னது, எந்த வருஷம். "பிழை இருந்தா சொல்லிடுங்கம்மா. தமிழ்ல ஒரு எழுத்துத் தப்பாப் போனாக்கூட எனக்குத் தூக்கம் வராது." அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துவிட்டால் குணவதிக்கு வயது இருபத்தொன்பது. ஓரிடத்தில் ஒற்று மிகவில்லை, சுழித்தாள். ஓரிடத்தில் ஆண்டு தப்பு, மாற்றினாள். முப்பத்தேழாவது வரியாக அது இருந்தது. சிறைக் காட்சி, சுவரில் எழுதப்பட்டிருக்கும் கவிதை, கவிஞர் மருதமுத்து, 'துருத்தி' சிற்றிதழ், பிப்ரவரி 1976.

கம்பி எண்ணச் சொன்னீர்கள்.
எண்ணிவிட்டோம்.
இனி எங்களுக்கு வேண்டியது
அறம்.

பேனா அங்கே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, குக்கர் ஒரு விசில் அடித்தது, யுகேந்திரன் "இந்த வரிதாம்மா படத்தோட உயிர், இதுக்காகத்தான் படமே" என்றான். அவள் அந்த வரியின் பக்கத்தில் சரி என்று குறி போட்டாள். சின்னக் குறி. கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தாலாவது இப்போது நினைத்துக்கொள்ள ஒன்று இருந்திருக்கும்.

மருதமுத்துவுக்கு ர, ற வராது. அதுதான் ஆரம்பம். எட்டாவதோடு நின்ற படிப்பு, கவிதை மட்டும் கொட்டும், ஐந்து பைசா நோட்டுப் புத்தகத்தில் கிரீஸ் விரல் பதிந்த பக்கங்களில். வானத்துப் 'பரவை' என்று எழுதுவார். 'இறக்கம்' இல்லாத முதலாளி என்று எழுதுவார். "என்ன மருதமுத்து, முதலாளிக்கு மேட்டிலேர்ந்து இறங்கத் தெரியாதா?" என்று குணவதி கேட்பாள், கல்லூரி ஆசிரியர் அறையில், அவளோடு சேர்ந்து 'துருத்தி'யை நடத்திய மற்ற இரண்டு விரிவுரையாளர்களும் சிரிப்பார்கள், மருதமுத்துவும் சிரிப்பார், எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பார். "சின்ன ர எங்க வரும், பெரிய ற எங்க வரும்னு எங்களுக்கு எப்படி டீச்சர் தெரியும், நாங்கள்லாம் சின்ன ஆளுங்க" என்பார். அந்தச் சிரிப்பை அவள் அன்றைக்கு நம்பினாள். ஒரு நாள் அவளுடைய இரும்பு நாற்காலியின் கை ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "பிசிறு இருக்கு டீச்சர். சேலையக் கிழிச்சிடும். ஒரு நாளைக்கு அரம் கொண்டாந்து ராவி விடுறேன்." அரம் என்று சொன்னார். அவர் வாயால் சொல்லி அவள் காதால் கேட்ட சொல். அதற்குப் பத்து நாள் கழித்து அந்தக் கவிதை வந்தது. கவிதையில் அரம் என்றுதான் இருந்தது, சின்ன ர போட்டு, அழுத்தமாக, பென்சில் காகிதத்தைக் கீறியிருந்தது. மேலே கம்பி, கீழே அரம். கம்பியும் அரமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன, குழந்தைக்குக்கூடத் தெரியும், கம்பியை எண்ணி முடித்தவனுக்கு என்ன வேண்டும், அதை அறுக்கிற ஒன்று வேண்டும். எம்.ஏ. முதல் வகுப்பில் தேறிய குணவதிக்குத் தெரியவில்லை. பாவம், இதிலும் தப்பு விட்டிருக்கிறார் என்று நினைத்தாள். பாவம் என்ற சொல்கூட அப்படியே ஞாபகம் இருக்கிறது. சிவப்பு மையில் சுழித்தாள். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் அந்தோணிசாமி, ஈய எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்த ற-ம்மா இது? கையெழுத்துல சின்னது இருக்கு, நீங்க பெரிசு போட்டிருக்கீங்க" என்று கேட்டார். கேட்டாரே, அந்த மனுஷன் கேட்டாரே. "பெரிய ற தான். இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள். கையிலிருந்த ர-வை எழுத்துப் பெட்டியில் அதன் அறையில் போட்டார், இன்னொரு அறையிலிருந்து ற-வை எடுத்துக் கோத்தார், டிக் என்று ஒரு சத்தம். கோயில் மணி, பஸ் ஹாரன், ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைசி மூச்சு, எத்தனையோ சத்தம் கேட்டாயிற்று, அந்த டிக் போகவில்லை.

இதழ் வந்த அன்று சாயங்காலம் மருதமுத்து கல்லூரி வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. எமர்ஜென்சியில் மாநில ஆட்சி கலைந்து பதினைந்து நாள், அங்கங்கே ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், டீச்சருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று வேப்பமரத்தடியில் நின்றார். கையில் 'துருத்தி', அந்தப் பக்கத்தில் விரலைக் கொடுத்து மூடியிருந்தார். "டீச்சர், நான் அரம்னுதான் நெனச்சு எழுதினேன். நம்ம அரம். இரும்பு ராவுற அரம்." அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கண்ணுக்குள் யாரோ விரலை விட்டதுபோலத் தெரிந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் எழுந்தது. அதற்குள் அவரே, "பரவால்ல, டீச்சர் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவள் அந்த வாக்கியத்துக்குள் புகுந்து ஒளிந்துகொண்டாள். "அடுத்த இதழ்ல பிழைத்திருத்தம் போட்டுடலாம் மருதமுத்து." அடுத்த இதழ் வரவில்லை. ஆறாம் நாள் அவரைக் கொண்டுபோனார்கள், அச்சகத்தைப் பூட்டினார்கள். பதினோரு மாதம் கழித்து வந்தவருக்கு விலா எலும்பு சரியாகக் கூடவில்லை, மூச்சு விசிலடித்தது, ஒன்றரை வருஷம், அவ்வளவுதான். பொற்கொடிக்கு அப்போது ஆறு வயது. பிள்ளையைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பள்ளியில் சேர்த்தது குணவதி. அ போடச் சொல்லிக் கொடுத்ததும் அவளே. சின்ன ர, பெரிய ற, தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தாள். கவிதை அதற்குள் தன் காலில் நடந்து போய்விட்டது. மேடையில் சொன்னார்கள், சுவரொட்டியில் அடித்தார்கள், கட்சிக்காரர்கள் சொன்னார்கள், பிறகு எதிர்க்கட்சிக்காரர்கள் சொன்னார்கள். கம்பியிலிருந்து அறத்துக்குத் தாவும் அந்த எதிர்பாராத தாவல், அதுவே நவீனத்துவம் என்று ஒருவர் கட்டுரை எழுதினார். அந்தத் தாவலைப் பற்றி ஒரு மாணவி எம்.ஃபில். ஆய்வு செய்தாள், நெறியாளர் குணவதி, கையெழுத்துப் போட்டாள். தாவலே இல்லை. ஒரு ஃபிட்டர் கம்பியைப் பார்த்தார், அரத்தைக் கேட்டார். கேட்டவர் கையில் அறத்தைத் திணித்து, ஜெயிலுக்குள் உட்காரவைத்து, மாலை போட்டாயிற்று. பொற்கொடி புது வீடு கட்டியபோது வாசலில் கருங்கல்லில் பொறித்தாள், 'அறம் இல்லம்'. கல்தச்சர் அந்த ற-வைப் பிரமாதமாக வெட்டியிருந்தார். திறந்துவைத்ததும் குணவதிதான்.

திரையில் இப்போது சிறை. இதோ. கதாநாயகன் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான், தாடி, ஒல்லி, மேலே ஒரு துளை வழியாக வெளிச்சம் அவன் முகத்தில் மட்டும் விழுகிறது. குணவதி கோப்பையைக் கீழே வைத்தாள். பல் செட்டை நாக்கால் மேலே தள்ளினாள். இன்னும் எத்தனை நிமிஷம். சொல்வதற்கு ஒன்று தயாராக இருக்கிறது, அதுதான் கேவலம், அழகாகத் தயாராக இருக்கிறது. 'அன்றைக்குக் கெடுபிடி இருந்தது, அரம் என்று அச்சிட்டால் சிறையை உடைக்கத் தூண்டியதாக வழக்குப் போடுவார்கள், கவிஞரைக் காப்பாற்ற நான்தான் ஓர் எழுத்தை மாற்றினேன்.' நம்புவார்கள். ஓர் எழுத்தால் சர்க்காரை ஏமாற்றிய பேராசிரியை. நாளைக்குப் பேப்பரில் வரும், பின் வரிசைப் பையன்கள் ரெஃபரன்ஸ் ஆக்கிக்கொள்வார்கள். இருபது வருஷம் முன்பு ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பொய் முதன்முதலாகத் தோன்றியது, சொம்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள், எவ்வளவு பொருந்துகிறது என்று. அதிலிருந்து அவ்வப்போது எடுத்துத் துடைத்து வைக்கிறாள். சில நாள் அதுதான் நடந்ததோ என்று அவளுக்கே மயக்கம் வரும். அப்போதெல்லாம் 'பாவம்' என்ற அந்தச் சொல் வந்து நிற்கும், கையெழுத்துப் பிரதியைப் பார்த்து மனசுக்குள் சொன்னது, பாவம், இதிலும் தப்பு. பயந்து மாற்றியிருந்தால் மனுஷி. இளக்காரத்தில் மாற்றியவளுக்கு என்ன பெயர்? திரையில் கேமரா மெல்லச் சுவருக்குத் திரும்பியது. கரி எழுத்துகள், ஒவ்வொன்றாக. கம்பி எண்ணச் சொன்னீர்கள். பொற்கொடி அவள் கையைப் பிடித்தாள். எண்ணிவிட்டோம். பொற்கொடியின் கை ஈரமாக இருந்தது. கடைசிச் சொல் திரையை நிறைத்தது, ற மட்டும் ஒரு ஆள் உயரம், வளைந்து இறங்கிய வாலோடு. யாரோ விசிலடித்தார்கள், தியேட்டர் எழுந்து கைதட்டியது. சுவருக்குக் கீழே அந்த ஒல்லிப் பையன் கண்ணை மூடிக்கொண்டு, கம்பியைத் தொடக்கூடத் தொடாமல், ரொம்ப உன்னதமாகச் செத்துப்போனான்.

விளக்குகள் எரிந்தன. யுகேந்திரன் கைகூப்பினான், கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய தொகுப்பாளர் பெண் ஏதோ சொன்னாள், மைக் வரிசை வரிசையாக வந்து குணவதியின் கைக்கு ஏறியது. கனமாக இருந்தது, ராவிய இரும்புபோலக் குளிர்ந்தது. "ரெண்டே வார்த்தை மேடம், டைம் இல்ல" என்று அந்தப் பெண் சிரித்தாள். குணவதி எழுந்தாள். எல்லா முகமும் அவளைப் பார்த்தது. பொற்கொடி கண் மை கரைய நிமிர்ந்து பார்த்தாள். தயாராக இருந்த பொய் நாக்கின் நுனிவரை வந்தது, இனிப்பாகக்கூட இருந்தது. அவள் அதை விழுங்கினாள். "மருதமுத்து எழுதினது அறம் இல்ல. அரம்" என்றாள். ஒலிபெருக்கி அதை நாலு மூலைக்கும் கொண்டுபோனது. அது திரும்பி வந்து தன் காதிலேயே விழுந்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது. திருச்சிக்காரர்கள் வாயில் ர-வும் ற-வும் ஒன்றுதான். வகுப்பில் முப்பத்தைந்து வருஷம் நாக்கை மடித்து மடித்து அவள் காட்டிய வித்தியாசத்தைப் புதுப் பல் செட் சாப்பிட்டுவிட்டது. மருதமுத்து எழுதியது அறம் இல்லை, அறம். அவர்களுக்குக் கேட்டது அதுதான். "வாவ்" என்றாள் தொகுப்பாளர் பெண். கைதட்டல் வெடித்தது. "மச்சி, டெப்த்துடா" என்றான் பின் வரிசைப் பையன். குணவதி வாயைத் திறந்தாள், சின்ன ர, இரும்பு ராவுற அரம், என்று சொல்ல. மைக் அதற்குள் கை மாறிப் போயிருந்தது. கேட்டு வாங்கியிருக்கலாம். இன்னொரு தடவை கொடுங்கள் என்றால் கொடுத்திருப்பார்கள். அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோது மனசில் ஒரு மூலை, சொல்லத்தானே சொன்னோம், என்று காலை நீட்டிக்கொண்டது. அந்த மூலையை அவளுக்கு நன்றாகத் தெரியும். வேப்பமரத்தடியில் ஒளிந்துகொண்டதும் அதேதான்.

கூட்டம் கலைந்தது. பொற்கொடி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என்னமோ சொன்னீங்களே டீச்சரம்மா, எனக்கு வெளங்கல. அறம் இல்ல, அறம்னு. அப்படின்னா?" என்று கேட்டாள். கேட்கிறவள் ஒருத்திதான் இருந்தாள். குணவதி அவளுடைய உள்ளங்கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆறு வயதில் எழுதிக் காட்டியதுபோல, விரலால் எழுதினாள். அ. பிறகு ர, சின்னது, இரண்டு கோடும் ஒரு கூரையும். பிறகு ம். பொற்கொடி உள்ளங்கையைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி எழுதினாள். பொற்கொடியின் உதடு அசைந்தது. "அரம்" என்றாள். பிறகு சத்தமில்லாமல், "வீட்ல இருக்கே அது. அப்பாவோடது. அதுலதான் அரிவாமனை தீட்டுறேன்" என்றாள். முகத்தில் ஒவ்வொன்றாக ஏதோ இடம் மாறியது, மேலே கம்பி, கீழே அரம். "யாரு மாத்துனா?" "நான்." பொற்கொடி, நல்ல மனசு, அவளே அதைக் கொண்டுவந்து நீட்டினாள். "அப்பாவக் காப்பாத்ததான மாத்துனீங்க? போலீசு பாத்துருமேன்னுதான?" இருபது வருஷமாகத் துடைத்து வைத்தது, கேட்காமலே கைக்கு வருகிறது, ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும், இந்தக் கை இப்படியே மடியில் இருக்கும், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு இந்தக் கைதான் கூட்டிப்போகும், கடைசியில் வாய்க்கரிசியும் இந்தக் கைதான். "இல்ல" என்றாள் குணவதி. "உங்கப்பாவுக்கு எழுதத் தெரியலன்னு நெனச்சேன்."

துடைக்கிறவர்கள் வந்துவிட்டார்கள், பாப்கார்ன் டப்பாக்களைக் கறுப்புப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பொற்கொடி கையை எடுத்துக்கொண்டாள். உதறவில்லை, மெதுவாக எடுத்து, சேலைத் தலைப்பில் ஒருமுறை துடைத்துக்கொண்டாள். "அப்பாவுக்கு ர, ற வராதுதான்" என்றாள், எதிரே இருந்த வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு. "ஆனா பொழுதுக்கும் கையில வச்சிருந்த சாமான் டீச்சர் அது. அதுக்கு எந்த ர-ன்னு அவருக்குத் தெரியாமப் போயிருக்குமா?" டீச்சர் என்றாள். அம்மா இல்லை. அவள் அப்பா கூப்பிட்டமாதிரியே, அதே மரியாதை, அதே தூரம். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "வாங்க, ஆட்டோ சொல்றேன்" என்று படிகளில் முன்னால் இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் திரும்பிக் கை கொடுக்கிறவள், இன்றைக்குத் திரும்பவில்லை. வீட்டுக்குப் போனதும் வாசலில் அந்தக் கருங்கல்லைப் பார்ப்பாள். பார்க்கட்டும். குணவதி இருட்டுப் படியில் காலைத் துழாவி, சுவரோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள். பிடியை நகர்த்தி நகர்த்தி இறங்கினாள். ஓரத்தில் விரல் தானாக எதையோ தேடியது. பிசிறு இல்லை. யாரோ நன்றாக ராவியிருந்தார்கள்.